மோட்டார்த் தண்டில் கப்பியை நிலைபெறப் பொருத்தும் முறை

கிணற்றுக்கு நீர்மூழ்கிப் பம்பு இறக்கிய பின்னர், முன்பு கிணற்று மேட்டிலிருந்த பழைய மின்சார மோட்டார் பல பண்ணைகளில் களஞ்சியத்தின் மூலையில் கிடக்கின்றது. அதனை வீணாக்காமல், ஊர்க் கொல்லரையும் தச்சரையும் கொண்டு தட்டை வெட்டும் இயந்திரமோ, கலப்பைக் கொழுவைத் தீட்டும் சாணையோ, இரும்பில் துளையிடும் கருவியோ, மரம் அறுக்கும் வட்ட ரம்பமோ அமைத்துக்கொள்ளும் விவசாயிகள் பலர் உளர். இது மெச்சத்தக்க முயற்சியே. ஆயினும், இவ்விதம் வீட்டிலேயே அமைக்கப்படும் இயந்திரங்களில் சட்டத்துக்கும் மேடைக்கும் கொடுக்கப்படும் கவனம், மோட்டார்த் தண்டின் முனையில் மாட்டப்படும் கப்பிக்குக் கொடுக்கப்படுவதில்லை. பட்டறைக்காரர் புல்லி என வழங்கும் அச்சிறு உருப்படியே மோட்டாரின் பலம் முழுவதையும் பெல்ட்டுக்கு மாற்றித் தருவது. அது தளர்ந்தால் முதலில் வேலை கெடும். பிறகு தண்டு கெடும். கப்பி கழன்று பறக்குமாயின் எதிரே நிற்பவருடைய கை கால்களுக்கோ உயிருக்கோ ஆபத்து நேரும். ஆதலின் அதனைப் பொருத்தும் முறையைச் சற்று விரிவாகவே கூறுவோம்.

மாட்டுவண்டியின் சக்கரத்தை அறியாத விவசாயி இல்லை. அங்கே குடத்தின் துளை அச்சின்மீது தாராளமாகச் சுழல வேண்டும். வெளியே கழன்று போகாதபடி ஒரு கடையாணி மட்டும் இருந்தால் போதும். மோட்டார்க் கப்பியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அதன் குடம் தண்டின்மீது இம்மியும் சுழலலாகாது. தண்டின் நீளவாட்டில் நகரவும் கூடாது. ஆகவே அதற்கு இருவகைப் பிடிப்புகள் வேண்டும். சுழலாமல் தடுப்பது சாவி. நகராமல் தடுப்பது திருகாணி. இவற்றுள் ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் சுமத்துவதே பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலகாரணம் என்க.

எவ்வளவு பலம் அவ்விடத்தில் தாக்குகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். குதிரைச்சக்தியை 716 ஆல் பெருக்கி, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்னும் எண்ணால் வகுத்தால், முறுக்கு விசை கிலோ-மீட்டர் கணக்கில் கிடைக்கும். 5 குதிரைச்சக்தியுள்ள மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்றுச் சுற்றுமாயின், முறுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ-மீட்டர். அம்மோட்டாரின் தண்டு பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் பருமனுள்ளது. அதாவது நடுவிலிருந்து மேற்பரப்புவரை 14 மில்லிமீட்டர். ஆகவே தண்டின் மேற்பரப்பில் கப்பியைப் புரட்ட முயலும் விசை சுமார் 178 கிலோ ஆகிறது. இது சீராக ஓடும்போது உள்ள கணக்கு. சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் துள்ளிப் புறப்படும் கணத்திலும், வெட்டும் கத்தியில் தட்டை சிக்கித் திணறும் கணத்திலும், இவ்விசை இரண்டு மடங்குக்கும் மேற்படும். இரண்டு நெல் மூட்டைகளின் பாரத்துக்குக் குறையாத அவ்விசையை ஒரு சிறு திருகாணியின் நுனியை நம்பி விடுவது எங்ஙனம் தகும்?

கப்பி வாங்குமுன் தண்டை அளந்துகொள்ள வேண்டும். குத்துமதிப்பாக ஓரங்குலம் என்று சொல்லி வாங்குவதால்தான், 25.4 மில்லிமீட்டர்த் துளையுள்ள கப்பியை 24 மில்லிமீட்டர்த் தண்டில் மாட்டித் தகரம் சுற்றும் அவலம் நேர்கின்றது. இப்போது வழக்கிலுள்ள நாலு முனை மோட்டார்களில், சட்ட அளவு 80 என்று பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்டிருப்பின் தண்டு 19 மில்லிமீட்டர். 90 ஆயின் 24. 100, 112 ஆகிய இரண்டுக்கும் 28. 132 ஆயின் 38. சாவியின் அகலமும் உயரமும் முறையே 19-க்கு 6க்கு 6, 24-க்கும் 28-க்கும் 8க்கு 7, 38-க்கு 10க்கு 8 மில்லிமீட்டர். மிகப் பழைய மோட்டார்களும் அயல்நாட்டு மோட்டார்களும் அங்குலக் கணக்கில் இருத்தல் கூடும். ஆகவே தகட்டைப் படித்தாலும் வெர்னியர் அளவியால் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவதே உத்தமம்.

துளை சரியாக உள்ளதா என்பதைப் பார்க்க எளிய வழியுண்டு. தண்டைத் துடைத்து, துருவிருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கப்பியை ஏற்ற வேண்டும். உள்ளங்கையால் அழுத்த மெல்ல ஏறி, விளிம்பைப் பிடித்து ஆட்டினால் சற்றும் ஆடாதிருப்பதே சரியான பொருத்தம். தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகுமாயின் துளை பெரிது. தண்டுக்கும் துளைக்கும் இடையில் எழுதும் காகிதத் துண்டொன்றைச் செருக இடமிருந்தால் அக்கப்பியை அப்படியே உபயோகிக்கலாகாது. தகரத்துண்டும் தீப்பெட்டி அட்டையும் சுற்றி இறுக்குவோர், கப்பியின் மையத்தைத் தண்டின் மையத்திலிருந்து ஒருபுறம் தள்ளிவிடுகின்றனர். அதனால் கப்பி கோணலாகச் சுழன்று, பெல்ட் துடித்து, சில மாதங்களில் மோட்டாரின் பேரிங் இரைச்சலிடத் தொடங்கும். துளையை லேத்தில் பெரிதாகக் கடைந்து, உள்ளே எஃகுக் குழலொன்றை இறுகச் செலுத்தி, அக்குழலைத் தண்டின் அளவுக்குக் கடைவித்துப் புதிதாகச் சாவிக்காடி எடுப்பதே முறை. சிறிய கப்பியானால் இச்செலவைவிடப் புதுக் கப்பி மலிவு.

காற்றுப் படாத இடத்தில் இறுகும் ஒருவகைத் திரவப் பசை இப்போது கடைகளில் கிடைக்கிறது. இடைவெளி கால் மில்லிமீட்டருக்குள் இருப்பின், எண்ணெய்ப் பசையை முற்றும் நீக்கிவிட்டு அதைத் தடவிப் பொருத்தினால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பிறகு கப்பியைக் கழற்றக் கடுமையான சூடு காட்ட நேரிடும். அச்சூடு பேரிங்கின் மசகையும் உருக்கிவிடும். அடிக்கடி கப்பி மாற்றும் இயந்திரத்துக்கு இது ஏற்றதன்று. சாவிக்குத் துணையாக இதனைக் கொள்ளலாமேயன்றிச் சாவிக்குப் பதிலாகக் கொள்ளலாகாது.

இனிச் சாவியைப் பற்றிக் கூறுவோம். சாவி என்பது பாதி தண்டிலும் பாதி குடத்திலுமாக அமர்ந்திருக்கும் சிறு எஃகுக் கட்டை. அதன் இரு பக்கங்களும் காடியின் சுவர்களோடு இறுகப் படிய வேண்டும். மேல்முகத்துக்கும் குடத்தின் காடிக்கும் இடையில் மட்டும் மயிரிழை இடைவெளி இருக்கலாம். பக்கங்களில் இறுக்கமும் மேலே தளர்வும் என்பதை நினைவிற் கொள்க. இதைத் தலைகீழாகச் செய்து, பக்கங்களில் ஆடும் சாவியை மேலே ஆப்புப்போல் அடித்து இறுக்குவோர் உளர். அங்ஙனம் அடித்தால் கப்பி ஒருபுறம் தூக்கப்பட்டு மையம் தவறும். வார்ப்பிரும்புக் குடமாயின் காடியின் மூலையிலிருந்து வெடிக்கவும் கூடும். பழைய எண்ணெய் எஞ்சின்களில் தலையுடன் கூடிய சரிவுச் சாவியை அடித்து இறுக்கும் வழக்கமிருந்தது உண்மையே. அது நூறில் ஒரு பங்கு சரிவுடன் அதற்கெனவே கடையப்பட்ட காடிக்கு உரியது; மோட்டார்த் தண்டின் காடி அத்தகையதன்று.

சாவி காணாமற்போனால் ஆணியை நறுக்கிச் செருகுவதும், உடைந்த அரத்தின் வாலைச் செருகுவதும் வழக்கமாகிவிட்டது. உருண்டையான ஆணி சதுரக் காடியில் மெல்லிய கோடாகவே தொட்டு நிற்கும். நன்கு படிந்த 8 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் நீளமுமுள்ள சாவிக்கு மேற்சொன்ன 178 கிலோ ஒரு பொருட்டன்று. சதுர மில்லிமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாரமே அதன்மேல் விழும். அப்படியிருந்தும் சாவிகள் நசுங்குவானேன்? தளர்ந்த சாவி ஒவ்வொரு முறை மோட்டார் புறப்படும்போதும் சுத்தியல்போல் காடியின் சுவரை மோதுகின்றது. பாரத்தால் கெடுவதைவிட மோதலால் கெடுவதே அதிகம். சாவி கெட்டால் சில ரூபாயில் மாற்றலாம். தண்டின் காடி அகன்றுபோனாலோ மோட்டாரைப் பிரித்துத் தண்டையே பட்டறைக்கு அனுப்ப வேண்டிவரும். ஆகவே சரியான பருமனுள்ள எஃகுக் கம்பி வாங்கி, அரத்தால் அராவி, காடியில் கையால் அழுத்தினால் ஏறாமலும் சிறு மரச்சுத்தியால் தட்டினால் ஏறும்படியும் பொருத்துவது மேல்.

கப்பியில்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டிச் சோதிப்பவர், தண்டிலுள்ள சாவியை முதலில் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிடின் அது கவண்கல்லைப்போல் பறக்கும்.

நிலைத்திருகாணியின் வேலை கப்பியைத் தண்டின் நீளவாட்டில் நகராமல் நிறுத்துவது. அரைக் குதிரைச்சக்திக்கு உட்பட்ட சிறு மோட்டார்களில் மட்டும் தண்டின் ஒருபுறத்தை அரத்தால் தட்டையாக்கி, அதன்மேல் திருகாணியை இறுக்கிச் சுழற்சியையும் அதனாலேயே தடுக்கலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்குச் சாவி இன்றியமையாதது. திருகாணிகள் இரண்டிருப்பது நலம். ஒன்று சாவியின் முதுகின்மேலும், மற்றொன்று அதிலிருந்து கால்வட்டம் தள்ளித் தண்டின்மேலும் அழுத்த வேண்டும். தண்டின்மேல் அழுத்தும் இடத்தில் முன்னதாகவே ஆழமில்லாத குழியோ தட்டையோ செய்துவிட வேண்டும். வெறுந்தண்டின்மேல் அழுத்தினால் திருகாணியின் நுனி தண்டைக் கீறிப் பிசிறு எழுப்பும்; அப்பிசிறு துளையில் சிக்கிக்கொண்டு, பிற்காலத்தில் கப்பி எவ்வித யத்தனத்துக்கும் கழன்று வாராது. அப்போதுதான் பெரிய சுத்தியல் வெளியே வருகின்றது. அதன்பின் உடைவது கப்பி மட்டுமன்று.

சுத்தியலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கப்பியைத் தண்டில் ஏற்றுங்கால் அடிக்கும் ஒவ்வோர் அடியும் பேரிங்கின் குண்டுகள் வழியாகவே மோட்டாரின் உடலுக்குச் செல்கின்றது. கண்ணாடிபோல் மெருகிட்ட பாதையில் குண்டுகள் பதிந்து சிறு தழும்புகள் உண்டாகின்றன. பின்னர் அப்பேரிங் கரகரவென்று ஒலிக்கும். அநேக மோட்டார்களில் தண்டின் முகத்து நடுவே மரையிட்ட துளையொன்று இருக்கும். 28 மில்லிமீட்டர்த் தண்டில் அது பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் மரை. அதில் நீண்ட போல்ட்டைத் திருகி, தடித்த வாஷரும் நட்டும் இட்டு, நட்டை இறுக்கிக்கொண்டே வந்தால் கப்பி ஓசையின்றி உள்ளே ஏறிவிடும். அம்மரை இல்லாவிடின் கப்பியைக் கொதிநீரில் கால்மணி நேரம் போட்டெடுத்து, துடைத்து, உடனே ஏற்றலாம். சுமார் 70 டிகிரி சூடேறினால் 28 மில்லிமீட்டர்த் துளை 0.02 மில்லிமீட்டர் விரியும். அது மயிரின் பருமனில் பாதியும் இல்லையெனினும், இறுகிய பொருத்தத்தைத் தளர்த்த அதுவே போதும். கழற்றுவதற்கு மூன்று கால்களுள்ள புல்லர் என்னும் கருவியையே பயன்படுத்துக. ஊருக்கு ஒன்று கூட்டாக வாங்கி வைத்துக்கொண்டாலும் போதும்.

நிற்க. சாவிக்காடியே இல்லாத தண்டுடன் சில பழைய மோட்டார்கள் கைக்கு வருவதுண்டு. இத்தகையவற்றில் கப்பியைத் தண்டோடு வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவதே சுலபமென்று சிலர் கருதுகின்றனர். அதனினும் கேடான முறை வேறில்லை. வெல்டிங்கின் சூட்டால் தண்டு வளையும்; வார்ப்பிரும்புக் கப்பி ஆறும்போது விரியும் ஓசையுடன் வெடிக்கும்; வெல்டிங் மின்சாரம் பேரிங்குகளின் வழியே பாய்ந்தால் குண்டுகளைப் பொறித்துக் கெடுக்கும்; பேரிங் மாற்றவேண்டி வந்தால் கப்பியை அறுத்தே எடுக்க வேண்டும். தண்டின் குறுக்கே முழுத்துளையிட்டு முளையடிப்பதும் தண்டைப் பலவீனப்படுத்தும். இவற்றுக்குப் பதிலாக, கப்பியைத் தண்டின் முகத்தோடு சமமாக ஏற்றிவைத்து, தண்டும் குடமும் சந்திக்கும் வட்டக்கோட்டின்மேல் பாதி தண்டிலும் பாதி குடத்திலுமாக நீளவாட்டில் ஒரு துளையிட்டு, அதில் உருண்டை எஃகு முளையை இறுகச் செலுத்தலாம். 19 மில்லிமீட்டர்த் தண்டுக்கு 5 மில்லிமீட்டர் முளை ஏற்றது. எஃகைவிட வார்ப்பிரும்பு மிருதுவாதலால் துளையூசி குடத்தின் பக்கமாகவே விலகியோடப் பார்க்கும். முதலில் மெல்லிய ஊசியால் துளைத்துப் பிறகு பெரிதாக்கினால் இத்தொல்லை குறையும். கைபழகிய தொழிலாளியே இதனைச் செய்யத்தக்கவர்.

சரிவான பிளவுக் குழலுடன் வரும் கப்பிகளும் தற்போது பரவி வருகின்றன. பட்டறையில் டேப்பர் புஷ் என்பர். இரண்டு திருகாணிகளை மாறிமாறி இறுக்க, குழல் சுருங்கித் தண்டைச் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். அதே திருகாணியை மற்றொரு துளையில் இட்டுத் திருகினால் குழல் தானே விடுபடும். விலை சற்று அதிகமாயினும், கப்பி அடிக்கடி மாற்றுபவர்க்கு இதைப்போன்றது பிறிதில்லை. சரிவு முகங்களில் எண்ணெய் தடவலாகாது என்பதொன்றே இதில் நினைவிருக்க வேண்டியது. தண்டுக்கு எண்ணெய் இட்டுப் பழகிய கைகள் இங்கேயும் அவ்வாறே செய்துவிடுகின்றன.

சாணைக்கல்லையோ கப்பியையோ மரையிட்ட தண்டில் நட்டு கொண்டு இறுக்கியிருப்பவர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. இரட்டைச் சாணையில் வலப்பக்கத்து நட்டு வழக்கமான மரையும், இடப்பக்கத்து நட்டு எதிர்மரையும் கொண்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். சுழலும் திசையே நட்டை மேலும் இறுக்கும்படி செய்த ஏற்பாடு அது. மும்முனை மின்சாரத்தில் கம்பிகள் இரண்டு இடம்மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். அப்போது அதே ஏற்பாடு நட்டைக் கழற்றிவிடும். டிரான்ஸ்பார்மரிலோ லைனிலோ பழுது பார்த்தபின், அல்லது மோட்டாரைக் கழற்றி மாட்டியபின், பெல்ட்டும் கல்லும் இல்லாமல் ஒரு கணம் சுவிட்சைப் போட்டுத் திசையைப் பார்த்துக்கொள்வது மிகவும் அவசியம்.

கப்பியின் அளவை மாற்றுவோர் வேகத்தையும் கணக்கிட வேண்டும். மோட்டாரில் 6 அங்குலக் கப்பியும் சாணைத் தண்டில் 2 அங்குலக் கப்பியும் மாட்டினால், 1440 சுற்று 4320 ஆகிறது. 250 மில்லிமீட்டர் சாணைக்கல் அவ்வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு வினாடிக்கு 56 மீட்டர் ஓடும். சாதாரணக் கற்கள் தாங்குவதோ 30 முதல் 35 மீட்டரே. கல் சிதறினால் துண்டுகள் துப்பாக்கிக் குண்டாகும். கல்லின்மேல் ஒட்டிய தாளில் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். அத்தாளைக் கிழித்தெறியாமல் படித்துப் பார்த்து, அதற்குட்படவே கப்பிகளைத் தேர்க.

திருகாணியின் தலையும் சாவியின் முனையும் குடத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கலாகாது. ஓடும்போது அவை கண்ணுக்குத் தெரியா. ஆனால் துண்டின் நுனியையும், வேட்டியையும், சேலைத் தலைப்பையும், பின்னலையும் பற்றிச் சுருட்டிக்கொள்ளும். நிமிஷத்துக்கு 1440 சுற்று என்றால் வினாடிக்கு 24 சுற்று. கையை இழுத்துக்கொள்ள அவகாசம் எங்கே? சுழலும் தண்டு, சக்கரம் ஆகியவற்றின் திருகாணிகளும் சாவிகளும் உட்புதைந்தோ மூடப்பட்டோ இருக்க வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 26-ஆம் பிரிவில் விதித்தது. பண்ணை வீட்டின் கொட்டகை தொழிற்சாலையன்று. எனினும் அங்கே ஆபத்து குறைவென்று எண்ணிவிடலாகாது. ஆறுமூலைக் குழியுள்ள தலையில்லாத் திருகாணியைப் பயன்படுத்துவதும், கப்பியையும் பெல்ட்டையும் கம்பிவலை அல்லது தகட்டு மூடியால் மறைப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். கூட்டுறவுச் சங்கத்துக்கோ பஞ்சாயத்துக்கோ சொந்தமான இயந்திரம் ஊரில் பலர் கையிலும் புழங்குவதாயின், மூடியில்லாமல் அதனை ஓட்ட அனுமதியாதிருப்பது கிராம அதிகாரிகளின் பொறுப்பு.

இதனினும் மறைவான ஆபத்தொன்று உண்டு. மின்சாரம் வந்தவுடன் தானே புறப்படும் ஆட்டோ ஸ்டார்ட்டர் நீரிறைக்க மிகவும் சௌகரியமானதே. அதே மோட்டாரை அதே ஸ்டார்ட்டருடன் தட்டை வெட்டவோ மரம் அறுக்கவோ பயன்படுத்தினால், மின்சாரமில்லாத வேளையில் கப்பியைத் திருத்திக்கொண்டிருப்பவன் கையிலேயே அது சுழலத் தொடங்கும். இயந்திரங்களுக்குக் கையால் அழுத்திப் புறப்படுவிக்கும் ஸ்டார்ட்டரே வேண்டும். கப்பியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ்களைக் கழற்றி மடியில் முடிந்துகொள்க.

பொருத்திய கப்பி பேரிங்கை ஒட்டி உட்பக்கமாகவே நிற்க வேண்டும். தண்டின் நுனிக்கு எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுக்குப் பெல்ட்டின் இழுவை பேரிங்கை வருத்தும். இரு கப்பிகளின் முகங்களிலும் ஒரு நூலை இறுகப் பிடித்துப் பார்த்தால், அது நான்கு விளிம்புகளையும் ஒருங்கே தொட வேண்டும். இரண்டின் அகலமும் வேறாயின் பள்ளங்களின் நடுவை நேர்பார்த்துக்கொள்க.

முதல் நாள் அரைமணி நேரம் ஓட்டியபின் நிறுத்தித் திருகாணிகளை மறுமுறை இறுக்குக. ஒரு வாரத்துக்குப்பின் இன்னுமொருமுறை. அப்பால் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். பார்க்கும்போது குடத்துக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைக் கூர்ந்து நோக்குக. பெல்ட்டிலிருந்து உதிரும் தூள் கறுப்பானது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. செங்கல் நிறமான நுண்ணிய தூள் அவ்விடத்தில் படிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவில் கப்பி தண்டின்மீது அசைந்து இரும்பைத் தேய்த்துத் துருவாக்கி வருகின்றது என்பது நிச்சயம். மோட்டார் புறப்படும்போதும் நிற்கும்போதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்டால், சாவி காடிக்குள் ஆடத் தொடங்கிவிட்டது. இவ்விரண்டில் எது காணினும் அன்றைக்கே கழற்றிப் பார்த்து, தேய்ந்த சாவியை மாற்றிவிட வேண்டும். அதற்கென அளவறிந்து அராவிய சாவி இரண்டை எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி, ஸ்டார்ட்டர்ப் பலகைக்கு அருகில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தால், அறுவடைக் காலத்தில் பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை.